நாராயணனின் இடது முழங்கால்

நாராயணா, முதலில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்காரு. நின்றுகொண்டே படிக்காதே, இப்போது உன் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு அதுவே பெரிய வேலை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்த உடனே நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாடிவிட்டு வைத்துவிடுவாய். எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சங்கர் இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவான். அவனும் படிப்பான், படிக்கட்டும். இந்த விஷயத்தை இந்த வீட்டில் இனிமேல் யாரும் மூடி வைக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஜவுளி எடுப்பதற்காக ஓசூரிலிருந்து வந்தாயே, அன்று காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் இறங்கி வந்து கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் பாயிலிருந்து எழுந்தவன் நேராக அடுப்படிக்கு வரவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஏதோ முகூர்த்த நாள் பார்க்கிற மாதிரி காலண்டர் முன்னால் நின்றாய். கால் இளகுவதற்காக நிற்கிறாய் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? "என்னலே காலுக்கு?" என்று கேட்டேன். "ராத்திரி பூரா பஸ்ல மடக்கி உக்காந்து வந்ததும்மா" என்றாய். மத்தியானம் சரியாகிவிட்டது, நன்றாகத்தான் நடந்தாய். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. காலையில் பிடித்துக்கொண்டு மத்தியானம் விடுகிற வலி எது என்று நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பாடம் படித்தவள்.

நீ பஸ் ஏறிப் போன மறுநாள் சங்கரைப் பிடித்து உலுக்கினேன். உன்னோடு கூடப் பிறந்தவன், உனக்காக நன்றாகத்தான் பொய் சொன்னான், ஆனால் காது சிவந்துவிட்டது. கடைசியில் சொன்னான்: "நிச்சயம் முடிஞ்சதுல இருந்து அவன் மாத்திரை போடலம்மா. மாமாதான் நிப்பாட்டச் சொன்னாக. பொண்ணு வீட்டு ஆளுக மாத்திரைப் பேரப் பார்த்து போன்ல தட்டுனா கேன்சர் மாத்திரைன்னு வருமாம். கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்னாக." என் தம்பி நல்லவன்தான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மதுரைக்கு அலைந்தவன். ஆனால் அவன் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தால் ஊர் தாங்காது. எதிர்ப்பு சக்தி கூடும் என்று உனக்கு ஒரு பொடி டப்பாவும் கொடுத்திருக்கிறானாம். அந்த டப்பாவைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்யாணப் பத்திரிகைக்கு எழுதின தாளோடு அச்சாபீசுக்குப் போயிருந்த உன் அப்பாவைப் போன் போட்டுத் திரும்ப வரச் சொன்னேன். "மஞ்ச தடவி சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டுக் கொண்டாந்த தாளு இது, நல்ல காரியத்துல பாதியில திரும்பலாமாட்டி?" என்று அவருக்குக் கோபம். "தாளு எங்கயும் போகாது, நீங்க வாங்க" என்றேன். வந்து விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாள் இப்போது பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. நீ நான் சொல்வதைச் செய்கிறவரைக்கும் அது அங்கேதான் இருக்கும்.

உனக்கு ஆரம்பக் கதை தெரியாது. தெரிந்ததெல்லாம் நாங்கள் மென்று முழுங்கிச் சொன்னதுதான். உனக்கு நாலு வயது. சங்கரும் நீயும் ஒரே அச்சு; பால்வாடி டீச்சர் உங்களைச் சட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பாள். ஒருநாள் காலையில் நீ இடது காலை இழுத்து இழுத்து நடந்தாய். அழவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாய். மத்தியானம் சங்கரோடு தெருவில் ஓடுவாய். பால்வாடிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார். நானும் சிரித்தேன். முழங்கால் கொஞ்சம் உப்பலாக இருந்தது, தொட்டால் சூடாக இருந்தது. சுளுக்கு என்று முடிவு செய்தோம்.

சுளுக்கு என்றால் நம் தெருவில் யாரிடம் வருவார்கள்? என்னிடம்தான். ரெட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் வழித்தால் சுளுக்கு போகும் என்பது இங்கே எல்லோருக்கும் கல்லில் எழுதின மாதிரி. நீங்கள் பிறந்த பிறகு எத்தனை பேர் காலையும் கழுத்தையும் விளக்கெண்ணெய் போட்டு வழித்துவிட்டிருக்கிறேன்! மேலநீலிதநல்லூரிலிருந்துகூட ஒரு தடவை மாட்டு வண்டி ஏறி ஒருவர் வந்தார். ஊருக்கெல்லாம் கேட்கிற கை, எந்தப் பிள்ளையைப் பெற்றதால் அந்தக் கைக்குப் பேர் வந்ததோ அந்தப் பிள்ளைக்குக் கேட்காதா? தினமும் காலையில் உன் முழங்காலை அழுத்தி வழித்தேன். உள்ளே வீங்கிக் கொதித்துக்கொண்டிருந்த மூட்டு அது, அழுத்தக்கூடாத இடம். நீ பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாய். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், அதனால் இதைச் சொல்லி அழப்போவதில்லை. வீட்டு ஆள் வாயில் வருகிற வைத்தியம் எவ்வளவு அன்போடு வந்தாலும் மூட்டுக்கு அது தெரியாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

வீக்கம் போகவில்லை. அப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம். சைக்கிளிலிருந்து விழுந்திருப்பான் என்றார் அப்பா. சிக்குன்குனியா என்றாள் எதிர்வீட்டுக்காரி. வாயு என்று சொல்லி உனக்கு உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் நிறுத்தினோம். உருளைக்கிழங்குக்காக நீ சங்கரின் தட்டில் திருடினாய். நாகதோஷம் என்று ஒருத்தி சொன்னாள்; கோயில் புற்றுமண்ணைக் குழைத்து முழங்காலில் பூசினோம். சாமி மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை, நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டியதை மூட்டுக்கு மருந்தாக்கியது நாங்கள்தான். காட்டின ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், ரெண்டிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். வாதமெல்லாம் வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நாங்களும் நிம்மதியாகத் திரும்பினோம்.

அந்தத் தீபாவளிக்கு உங்கள் ரெண்டு பேருக்கும் முதல் முழுக்கால் பேண்ட் தைத்தேன். உங்களுக்கு நான் எப்போதும் ஒரே அளவுதான் எடுப்பேன், சங்கரை நிறுத்தி அளந்தால் போதும், ரெண்டு பேருக்கும் ஒரே துணியை மடித்துப் போட்டு வெட்டிவிடுவேன். சங்கருக்குக் கச்சிதமாக இருந்தது. உனக்கு வலது கால் சரி, இடது காலில் கணுக்கால் தெரிந்தது. தப்பாக வெட்டிவிட்டேனோ என்று பிரித்துப் பார்த்தேன், துணி சரியாகத்தான் இருந்தது. டேப்பை எடுத்து உன் காலை அளந்தேன். இடது கால் அரை இஞ்சுக்கும் கூடுதலாக வளர்ந்திருந்தது. மறுபடியும் அளந்தேன், அதே கணக்குதான். அந்த வாரமே உன்னைத் தூக்கிக்கொண்டு மாமாவும் நானும் மதுரைக்குப் போனோம்.

மதுரை டாக்டரம்மா முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலைல எழுந்ததும் எப்படி நடக்கிறான்?" என்று அதைத்தான் முதலில் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும், இது அதுதான் என்றார். பெரியவர்களுக்கு வருகிற வாதத்தில் ரத்தத்தில் தெரிகிற அடையாளம் பல குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாதாம். ஆரம்பத்தில் படத்திலும் தெரியாதாம். அதனால்தான் ரெண்டும் ஒன்றுமில்லை என்று வந்தது.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா டாக்டர்? என்ன வாங்கிக் குடுக்கட்டும்?" அவர் சிரித்துவிட்டார். "கம்மி இல்லம்மா, அது ஆளை மாத்திப் பாத்துருச்சு" என்றார். உங்க தெருவில் நாய் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு என்றேன். தெரு நாய் வெளியாளைப் பார்த்துக் குரைக்கும், அது அதன் வேலை. ஒருநாள் நம் வீட்டுப் பிள்ளையையே வெளியாள் என்று நினைத்துக் குரைத்தால்? அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்களும் ஓடிவரும். வந்ததெல்லாம் சேர்ந்து குரைக்கும், இன்னும் நாலு வரும். சும்மா கிட என்று அதட்டி உட்கார வைக்கிற ஆளும் அன்றைக்கு அங்கே இல்லை என்றால் விடிய விடிய அதே கூத்துதான். உன் உடம்பில் நடந்தது இதுதான். ரத்தத்தில் டி செல் என்று காவல் அணுக்கள் இருக்கின்றன. கிருமியை எதிர்க்க வேண்டியவை, உன் மூட்டுக்குள் இருக்கிற மெல்லிய சவ்வை எதிரி என்று எடுத்துக்கொண்டன. அவை டிஎன்எஃப் அது இது என்று சில ரசாயனங்களைச் சுரந்து மற்ற அணுக்களையும் கூப்பிட்டன. மற்றவற்றை அடக்கி வைக்கிற வேலைக்கென்றே சில அணுக்கள் இருக்கின்றனவாம், அவை உனக்குச் சரியாக அடக்கவில்லை. சவ்வு தடித்தது, உள்ளே நீர் கோர்த்தது, சூடேறியது. அசையாமல் தூங்குகிறபோது எல்லாம் தேங்கி இறுகிவிடும், அதனால்தான் காலையில் பிடிப்பு. வீக்கத்துக்காக அந்தப் பக்கம் ரத்தம் அதிகமாக ஓடியதால் எலும்பு வளர்கிற இடம் தூண்டப்பட்டு, இடது கால் மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டது.

எதிர்ப்பு சக்தி கூடுகிற பொடியைப் பற்றி இப்போது புரிகிறதா? ஏற்கெனவே ஆள் தெரியாமல் குரைக்கிறதுக்கு நாம் எதற்குக் கறிச்சோறு போட வேண்டும்? அதில் என்ன கலந்திருக்கிறது என்று மாமாவுக்கும் தெரியாது. அந்த டப்பாவைக் குப்பையில் போடு. கேட்டால் அக்கா போடச் சொன்னாள் என்று சொல்.

நான் கேட்ட ரெண்டாவது கேள்வி உனக்கு இப்போது தேவைப்படுகிறது. "ஒரே வயித்துல ஒண்ணா கிடந்த பிள்ளைக. ஒரே பால், ஒரே சோறு. இவனுக்கு மட்டும் ஏன் டாக்டர்?" என்றேன். முழுசாக யாருக்கும் தெரியாது என்று நேராகச் சொன்னார், அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிறவியிலேயே சிலருக்கு இது வருவதற்கு ஒரு வாகு இருக்கும். அந்த வாகு உங்கள் ரெண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதற்கு மேல் ஏதோ ஒன்று வந்து தூண்ட வேண்டும், ஒரு காய்ச்சலோ, வயிற்றுக் கிருமியோ, எதுவென்று கையை வைத்துச் சொல்ல முடியாத ஒன்று. அது உனக்குப் பட்டது, அவனுக்குப் படவில்லை. "ரத்தத்துல எழுதுனதே முழுக்க முடிவு பண்றதா இருந்தா ரெண்டு பேருக்கும் வந்திருக்கணும்ல? நீங்க சாப்பிட்டது, பாத்தது, செஞ்சது எதுவும் காரணம் இல்ல. யார் மேலயும் பழி போட்டுக்கிட்டு உக்காராதீங்க, வாராவாரம் மருந்தைக் குடுங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நிச்சயத்துக்கு முன்னால் நீ சங்கரிடம், "எனக்குப் பொறக்கிற பிள்ளைக்கும் வந்திருமோல?" என்று கேட்டாயாம். அதையும் அவன் கக்கிவிட்டான். நீ இதை என்னிடம் கேட்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. மற்ற பிள்ளைகளைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் பெரும்பாலும் வராது, இதுதான் டாக்டர் எனக்குச் சொன்னது. வீடு வயலை எழுதி வைக்கிற மாதிரி அப்பன் பிள்ளைக்கு எழுதி வைக்கிற சொத்து இல்லை இது. கல்யாணத்துக்குப் பிறகு நீயும் கோமதியும் சேர்ந்து போய், பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கும்போது மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். மாமாவிடம் கேட்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம், கண். உன் முழங்காலைவிட எனக்கு அதுதான் பயம். அதே கூத்து கண்ணுக்குள்ளேயும் நடக்கும், ஆனால் வலிக்காது, சிவக்காது, கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. டாக்டர் லைட்டு மெஷினில் முகத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நீ பத்தாவது முடித்த லீவில், முட்டி நன்றாக இருக்கிறதே என்று டாக்டரே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்த்தார். பல பிள்ளைகளுக்கு அப்படி நின்றுபோயிருக்கிறது. உனக்கு நிற்கவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது, ஓடினாய், கிரிக்கெட் ஆடினாய். அடுத்த தடவை கண்ணைப் பார்த்தபோது உள்ளே வீக்கம் ஆரம்பித்திருந்தது. உனக்கு ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தாய். இப்போது யார் பார்க்கிறார்கள்? ஓசூரில் தனி அறையில் இருக்கிறாய், நிறுத்தியது டாக்டருக்குத் தெரியாது. முழங்கால் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், நாராயணா. பயமாக இருக்கிறது.

அந்த மாத்திரை கேன்சருக்கும் கொடுக்கிறார்கள்தான், அங்கே பெரிய அளவு. உனக்கு வாரம் ஒருநாள், சின்ன அளவு, குரைப்பை அடக்கி வைக்க. நாயைக் கொல்கிற மருந்து அல்ல அது. நீ மருந்தை நிறுத்தினால் நாய் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். அதனால் இந்த வாரமே லீவு போட்டு மதுரைக்கு வா. நானும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். நீயாக மறுபடியும் முழுங்க ஆரம்பிக்காதே, விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடங்குவது என்று அவர் ரத்தம் பார்த்துச் சொல்வார். அன்றைக்கே கண்ணையும் காட்டுகிறோம்.

அடுத்தது கோமதி. அவளிடம் நீயே சொல்ல வேண்டும், பத்திரிகை அடிப்பதற்கு முன்னால். மாமா சொல்லக்கூடாது, நான் சொல்லக்கூடாது, உன் உடம்பு, உன் வாய். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாய். நிற்கலாம். அவள் அப்பா வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர் உரிமை. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, நின்றுபோனால் நான் அழுவேன், உன் அப்பா தறிப் பக்கம் போகமாட்டார், அவள் ஊருக்குப் போகிற சிவகிரி பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அதையெல்லாம் தாங்கலாம். வாராவாரம் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒளிந்து மாத்திரை போடுகிறவனாக, இல்லை ஒளிக்கப் பயந்து போடாமலே கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவனாக உன்னைப் பார்க்க என்னால் முடியாது.

இவ்வளவும் எழுதி முடித்து, கையெழுத்துப் போடுகிற நேரத்தில் போன் அடித்தது. கோமதி. ஜாக்கெட் அளவு சொல்லக் கூப்பிட்டாள். கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தபிறகும் வைக்கவில்லை. "என்னம்மா?" என்றேன்.

"அத்தை, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைச்சுக்கிடக் கூடாது. ஜவுளிக்கடையில படி ஏறயில அவுக கைப்பிடியப் பிடிச்சுப் பிடிச்சு ஏறுனாக. கால் ஒரு மாதிரி தடுமாறுச்சு. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னுட்டாக. எங்கப்பாவும் பார்த்திருக்காக போல. வீட்டுக்கு வந்ததுல இருந்து அப்பா முகமே சரியில்ல." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "குடிப்பாகளா அத்தை?"

கேட்டாயா? கேன்சர் என்று நினைத்துவிடுவார்கள் என்று மறைத்தாய். காலையில் கடை திறந்த உடனே குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை என்று பேர் வாங்கியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னை ரெண்டு அறை அறையலாம் போலவும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டபிறகு சிரிக்க முடியவில்லை. அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. பயந்துபோய், யாரிடம் கேட்பது என்று தெரியாமல், ஜாக்கெட் அளவைச் சாக்காக வைத்துக் கேட்டாள்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று. சொல்லவில்லை. "அவன் குடிக்க மாட்டான் தாயி, அது நான் சத்தியம் பண்ணுதேன். காலுக்கு என்னன்னு அவனே சொல்லுவான். இன்னைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் பண்ணுவான். அவன் சொல்லச் சொல்ல முழுசாக் கேட்டுக்கோ, என்ன வேணும்னாலும் கேளு. பொறவு உனக்கு என்ன தோணுதோ அதச் செய்யி, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்" என்றேன். "சரி அத்தை. வேலையெல்லாம் முடிச்சிட்டுப் போனக் கையிலயே வச்சிருக்கேன்" என்றாள்.

சங்கர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நிற்கிறான், இந்தப் பக்கத்தைப் போட்டோ பிடிக்க. இதைப் படித்து முடித்த உடனே எனக்குக் கூப்பிடத்தான் உனக்குக் கை போகும், என்னிடம் பேசி எதையாவது இளக்கலாமா என்று பார்ப்பாய். நான் எடுக்க மாட்டேன். முதலில் அவளைக் கூப்பிடு.